715 சதுர அடியில் நாலு பேர்: சுவர் எழும்புவதற்கு முன் பிளானில் எதை மாற்றலாம்?

குமரன்_போரூர்:

எல்லாருக்கும் வணக்கம். போரூர் தாண்டிக் குன்றத்தூர் போகிற வழியில் ஒரு அபார்ட்மெண்டில் 2 பெட்ரூம் வீடு புக் செய்திருக்கிறேன், 5வது மாடி. ஸ்லாப் வேலை இப்போது 4வது மாடியில் நடக்கிறது. எங்கள் மாடியில் உள்சுவர் எழுப்ப இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அப்புறம் வந்து நிற்காதீர்கள் என்று சைட் ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

பிரோஷரில் 1020 சதுர அடி, கார்பெட் ஏரியா 715. படத்தை ஏற்ற முடியவில்லை, அதனால் வார்த்தையில் சொல்கிறேன். வாசலில் 4×6 சின்ன நுழைவிடம், அதைத் தாண்டி 10×19 ஹால், சாப்பாட்டு மேஜையும் அதிலேயேதான். ஹாலை ஒட்டி 7½×9 சமையலறை, அதன் பின்னால் 4×7½ யுட்டிலிட்டி. ஹாலின் இன்னொரு மூலையிலிருந்து 3½ அடி அகலத்தில் 13 அடி நீளப் பாசேஜ் ஒன்று உள்ளே போகிறது. அதன் இடது பக்கம் 10×11 சின்ன பெட்ரூம், அதன் கதவு பாசேஜின் கடைசியில். வலது பக்கம் முதலில் வாஷ்பேசின் வைக்க 3½ அடி, அடுத்து 4½×7½ பொது பாத்ரூம், அதற்கடுத்து 5×7½ அட்டாச்டு பாத்ரூம். பாசேஜ் முடிகிற இடத்தில் குறுக்காக 10×12 பெரிய பெட்ரூம். அட்டாச்டு பாத்ரூமுக்குக் கதவு பெட்ரூமுக்குள்ளிருந்து. ஹாலுக்கு வெளியே 4×10 பால்கனி.

நாங்கள் நாலு பேர். நான், மனைவி, 7 வயதுப் பெண், அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, வெளியே போகும்போது வாக்கர் வைத்துக்கொள்கிறார். எனக்கு வாரத்தில் 3 நாள் வீட்டிலிருந்து வேலை. பிளானைப் பார்த்தால் எல்லா அறையும் இருக்கிறது, ஆனால் எங்கள் சாமான்களை மனதில் வைத்துப் பார்த்தால் எதுவும் அடங்கவில்லை. எங்கே இடம் வீணாகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சிமெண்ட்_தூசி:

முதல் கேள்வி, இதற்குப் பதில் தெரியாமல் மேலே பேசிப் பிரயோஜனம் இல்லை. தூண் எழுப்பி நடுவில் பிளாக் கட்டுகிற கட்டடமா, அல்லது அலுமினிய ஃபார்ம்வொர்க்கில் சுவரையும் ஸ்லாபையும் சேர்த்தே கான்கிரீட்டாக ஊற்றுகிற மிவானா? மிவான் என்றால் உள்சுவரே பாரம் தாங்குவது. ஒரு சுவரும் நகராது, அலமாரி வாங்கும் யோசனையோடு நிறுத்திக்கொள்ளலாம். பல பேர் டைல்ஸ் நிறம் வரைக்கும் பேசி முடித்துவிட்டு கடைசியில்தான் இதைக் கேட்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

தம்பி, சதுர அடி என்ன விலை பேசினீர்கள்?

குமரன்_போரூர்:

6,800 சார். தூசி அண்ணே, தூண் கட்டடம்தான். போன வாரம் போய்ப் பார்த்தேன், கீழ் மாடிகளில் சாம்பல் நிற பிளாக் அடுக்குகிறார்கள். வெளிச்சுவர் 8 அங்குலம், உள்சுவர் 4 அங்குலம் என்றார்கள்.

கணக்குப்பிள்ளை:

அப்படியானால் கேளுங்கள். 1020ஐ 6,800ஆல் பெருக்கினால் 69,36,000. காலடி படுகிற இடம் 715 மட்டும்தான். வகுத்துப் பாருங்கள், சதுர அடி 9,700 ஆகிறது. உங்கள் பாசேஜ் 13×3½, அதாவது 45½ சதுர அடி. ஒரு நாற்காலிகூடப் போட முடியாத, நடந்து போக மட்டுமே ஆகிற அந்தச் சந்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை ஏறத்தாழ 4 லட்சத்து 41 ஆயிரம். அங்கிருந்து ஆரம்பியுங்கள் என்பதுதான் என் கட்சி. வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் 2016இல் வந்த பிறகு கார்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும். உள்சுவர் அதில் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. அந்த 715லும் சுவர்கள் கொஞ்சம் தின்றிருக்கின்றன, உங்கள் அறைகளைக் கூட்டினால் 685க்குள்தான் வருகிறது.

ஈசானியம்:

திசை சொல்லவே இல்லையே. சமையலறை எந்த மூலை? அக்கினி மூலை இல்லாவிட்டால் வாயு மூலையாவது இருக்க வேண்டும். படுக்கையறை கன்னி மூலையில் வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

குமரன்_போரூர்:

சமையலறை வடமேற்கு, பெரிய பெட்ரூம் தென்மேற்கு. மாமனார் ஏற்கெனவே திசைகாட்டியோடு வந்து பார்த்துவிட்டார். அந்தப் பஞ்சாயத்து முடிந்தது.

சிமெண்ட்_தூசி:

சரி, தூண் கட்டடம் என்றால் பேசலாம். ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கின் நகலைக் கேட்டு வாங்குங்கள், தூண் எங்கே, பீம் எங்கே ஓடுகிறது என்று அதில் தெரியும். பீமுக்கு அடியில் இல்லாத இடத்துக்குச் சுவரை நகர்த்தினால் ஸ்லாப் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று அவர்களுடைய ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும். சைட் சூப்பர்வைசர் தலையாட்டினால் போதாது.

பாத்ரூம்களை இடம் மாற்றும் பேச்சே வேண்டாம். அந்த இடத்தில் மட்டும் ஸ்லாபை முக்கால் அடி, ஒரு அடி இறக்கிப் போட்டிருப்பார்கள், குழாய் ஓட. மேல் மாடியிலிருந்து கீழ் மாடி வரை எல்லா வீட்டுக் குழாயும் ஒரே ஷாஃப்டில் இறங்குகிறது. நீங்கள் பாத்ரூமை 5 அடி தள்ளினால் அது கீழ் வீட்டுக்காரர் கட்டிலுக்கு நேர் மேலே வரும்.

ஆனால் பாத்ரூமின் கதவை நகர்த்தலாம். நீங்கள் சொன்னதைத் தாளில் வரைந்து பார்த்தேன். அட்டாச்டு பாத்ரூம் 5 அடிக்குப் பாசேஜை ஒட்டித்தான் நிற்கிறது. பெரிய பெட்ரூமின் வாசல் கதவை 5 அடி முன்னால் கொண்டுவந்து, பாசேஜின் கடைசி 5 அடியை பெட்ரூமுக்குள் சேர்த்துவிடுங்கள். பாத்ரூமுக்கு அந்தச் சின்ன நடையிலிருந்தே கதவு. பெட்ரூமின் 12 அடிச் சுவரில் இப்போது இரண்டு கதவு இருக்கிறது, அதில் ஒரு பீரோகூட ஒழுங்காக நிற்காது. மாற்றிய பிறகு நுழைகிற இடம் போக 7½ அடிச் சுவர் வெட்டில்லாமல் கிடைக்கும். சதுர அடியில் கூடுவது 17½தான், ஆனால் எனக்கு அந்த 7½ அடிச் சுவர்தான் பெரிதாகத் தெரிகிறது. வீட்டில் இடம் இல்லை என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தரை போதாமல் இல்லை, முழுச் சுவர்தான் இருப்பதில்லை.

கணக்குப்பிள்ளை:

சின்ன பெட்ரூமின் கதவு பாசேஜ் கடைசியில் என்றாரே. அந்தக் கடைசியைப் பெரிய பெட்ரூம் எடுத்துக்கொண்டால் சின்ன அறைக்கு ஜன்னல் வழியாகவா போவது?

சிமெண்ட்_தூசி:

கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். சின்ன பெட்ரூம் கதவையும் ஹால் பக்கமாக 5, 6 அடி நகர்த்த வேண்டும். அதுவும் 4 அங்குலச் சுவர்தான், கட்டுவதற்கு முன் என்பதால் கோடு போடுகிற வேலை மட்டுமே. பொது பாத்ரூம் கதவுக்கு எதிரே வரும்.

ஈசானியம்:

பாத்ரூம் கதவும் படுக்கையறைக் கதவும் நேருக்கு நேர் வரக் கூடாது.

மீனா_மடிப்பாக்கம்:

முழங்கால் வலிக்காரம்மாவுக்கு அது நேருக்கு நேர் வருவதுதான் நல்லது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து போகிறவருக்கு வாஸ்துவைவிட 2 எட்டு குறைவது முக்கியம்.

குமரன், நான் இன்டீரியர் வேலை 11 வருஷமாகச் செய்கிறேன். தூசி சொன்ன கதவு மாற்றம் சரிதான், ஆனால் அவர் அறையை மட்டும் பார்க்கிறார், நான் சாமானைப் பார்க்கிறேன். அந்த 7½ அடிச் சுவரில் 2 அடி ஆழத்துக்கு அலமாரி வைத்தால் 10 அடி அறையில் 8 அடிதான் மிச்சம். உங்களிடம் 6 அடி அகலக் கிங் சைஸ் கட்டில் இருந்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி நிற்கும், மெத்தை விரிப்பைச் செருகக்கூட முடியாது. 5 அடிக் குயின் சைஸ் என்றால் ஜன்னல் பக்கம் அரை அடி விட்டு, அலமாரிப் பக்கம் 2½ அடி நடக்க வைக்கலாம். அலமாரிக்கு ஸ்லைடிங் ஷட்டர். கட்டில் அளவை முடிவு செய்யாமல் சுவரை முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று, அது பாத்ரூம் சுவர். அந்தச் சுவரில் ஒட்டி வைத்த பிளைவுட் அலமாரிகளின் முதுகு ஊறி உப்பியதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன், பட்டுப்புடவையில் பூஞ்சை பிடித்த பிறகுதான் வீட்டுக்காரருக்கே தெரியும். உள்பக்கம் வாட்டர்ப்ரூஃபிங்கைத் தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஆள் உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். ஷவரை வெளிச்சுவர்ப் பக்கம் தள்ளுங்கள். அலமாரி முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு அங்குலம் காற்று விடுங்கள்.

அப்புறம் கதவுகள். 3 அடிக் கதவு ஒன்று திறந்து மூட 7 சதுர அடி வேண்டும், கால் வட்டம், கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்ரூம் 2, அப்புறம் 2½ அடிக் கதவாக பாத்ரூம் 2, யுட்டிலிட்டி 1, எல்லாம் சேர்த்தால் 29 சதுர அடி வருகிறது, அந்த இடத்தில் எதையும் வைக்க முடியாது. யுட்டிலிட்டிக்கு ஸ்லைடிங் போடுங்கள். பொது பாத்ரூம் கதவு மட்டும் வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே வயதானவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவரே அடைத்துக்கொண்டு கிடப்பார், தள்ளவும் முடியாது. அகலமும் கேளுங்கள், பில்டர்கள் வழக்கமாக 2½ அடிதான் வைப்பார்கள், வாக்கர் இடிக்கும். 2¾ ஆவது வேண்டும்.

தெம்பனிஸ்காரன்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் எந்தச் சுவரை இடிக்கலாம் என்பதற்கு முறையாக அனுமதி வாங்க வேண்டும், பாரம் தாங்கும் சுவரில் கை வைக்க விடமாட்டார்கள். போதாக்குறைக்கு எங்கள் வீட்டுக்குள் கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவுமாக ஒரு பதுங்கு அறை இருக்கிறது, அதையும் இடிக்கக் கூடாது. நான் அதில் அரிசி மூட்டையும் சூட்கேஸும் வைத்திருக்கிறேன். 2024 அக்டோபரில் காலாங் பக்கம் கிராஃபோர்ட் ஹைட்ஸ் என்ற திட்டத்தில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே சுவரே இல்லாமல் சில வீடுகளை முன்னோட்டமாக விற்பனைக்கு வைத்தார்கள், வாங்குகிறவர் தன் இஷ்டத்துக்குத் தடுத்துக்கொள்ளலாம். உங்கள் பில்டரிடமும் சில சுவர்களைக் கட்டாமல் விடச் சொல்லிக் கேட்டால் என்ன?

கணக்குப்பிள்ளை:

கேட்கலாம், எழுத்தில் கேட்க வேண்டும். ரெரா சட்டம் 14வது பிரிவில், வாங்குகிறவர் சம்மதம் இல்லாமல் அவர் வீட்டின் பிளானை மாற்றக் கூடாது என்று இருக்கிறது, வாங்குகிறவரே கேட்கும் சிறு மாற்றங்களைச் செய்யவும் இடம் கொடுத்திருக்கிறது. அதே பிரிவில்தான் வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பதும் வருகிறது. சாவி வாங்கிய பிறகு நீங்களே ஆள் வைத்துச் சுவரை இடித்தால், நாளைக்கு எங்கே விரிசல் விட்டாலும் நீங்கள் இடித்ததால்தான் என்று கைகழுவ ஒரு வழி கிடைத்துவிடும். இப்போதே அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள், திருத்திய பிளானில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

ராஜ்_நாவலூர்:

ஹாங்காங்கில் கேரி சாங் என்று ஒரு கட்டடக் கலைஞர், 344 சதுர அடி வீட்டில் சுவர்களைத் தண்டவாளத்தில் நகர்த்தி 24 விதமாக மாற்றிக்கொள்கிறார். 715ஐ வைத்துக்கொண்டு இவ்வளவு கவலையா?

மீனா_மடிப்பாக்கம்:

அந்த வீடியோவை வாடிக்கையாளர்கள் எனக்கு வாரம் ஒருமுறை அனுப்புகிறார்கள். ஒரு ஆளுக்கு அது அற்புதமான வீடு. நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் சமையலறையைத் திறக்க வேண்டியிருக்கும் தம்பி. மடிக்கிற கட்டிலைக் காலையில் மடிப்பது முதல் மாதத்தோடு நின்றுவிடும், நான் போட்டுக் கொடுத்த வீடுகளில் அப்படித்தான் நடந்தது.

குமரன்_போரூர்:

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசினோம், இரண்டு சிக்கல். மனைவிக்கு சமையலறைச் சுவரை எடுத்துவிட்டு ஹாலோடு சேர்க்க வேண்டும், அம்மா தாளிக்கிற நெடி சோபா வரைக்கும் வரும், வேண்டவே வேண்டாம் என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான். இரண்டாவது, ஹாலின் உள்மூலையில் 6×8க்குத் தடுத்து எனக்கு ஒரு வேலை அறை போட முடியுமா?

சிமெண்ட்_தூசி:

6×8க்கு ஜன்னல் எங்கே? உள்மூலை என்றால் காற்றும் இல்லை வெளிச்சமும் இல்லை, 48 சதுர அடியில் ஒரு பெட்டி. தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016 ஆள் புழங்கும் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் கேட்கிறது, இரண்டு அறை இருந்தால் இரண்டாவது 7.5 இருக்கலாம். உங்களுடையது 4½கூடத் தேறாது. ஹாலையும் கெடுத்து உங்களையும் வேக வைக்கும். பால்கனிக் கதவுப் பக்கம் 4 அடி மேஜையும், போன் பேசும்போது இழுத்துவிட ஒரு திரையும் போதும். பால்கனியையே மூடி அறையாக்கலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள், செய்யாதீர்கள். அனுமதி வாங்கிய பிளானுக்கு மாறு, ஹாலுக்கு வரும் காற்றும் போச்சு.

பழைய_டிராஃப்டர்:

35 வருஷம் டிராயிங் போர்டில் நின்றவன், இப்போது ஓய்வு. சமையலறைச் சண்டைக்கு ஒரு சேதி. 1926இல் ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறை வரைந்தார். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையலறை எப்படி இயங்குகிறது என்று பார்த்து, அடுப்பிலிருந்து தொட்டிக்கு எத்தனை எட்டு என்பதை எண்ணி வரைந்தது. அளவு 1.9×3.4 மீட்டர். நம் கணக்கில் 69½ சதுர அடி. உங்களுடையது 67½. ஆகவே இடம் போதாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 7½ அடி அகலத்தில் இரண்டு பக்கமும் 2 அடி மேடை, நடுவில் 3½ அடி நடை, கச்சிதம். ஒரு பக்கம் அடுப்பு, எதிர்ப் பக்கம் தொட்டி, திரும்பினால் கைக்கு எட்டும். ஹால் பக்கச் சுவரில் மேடை உயரத்துக்கு மேலே 4 அடி அகலத்துக்குத் திறப்பு விட்டு, தள்ளுகிற கண்ணாடி போடுங்கள். தாளிக்கும்போது மூடு, பரிமாறும்போது திற.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். தாளில் பார்த்தால் யாருக்கும் அளவு புரியாது, எனக்கே புரிந்ததில்லை. இப்போது இருக்கும் வீட்டு மொட்டை மாடியில் கோலமாவை எடுத்துக்கொண்டு பிளானை நிஜ அளவில் போடுங்கள். டேப் ஒன்று போதும். கட்டில், பீரோ, பிரிட்ஜ், எல்லாம் போடுங்கள். வீட்டில் எல்லாரையும் அதில் நடக்க விடுங்கள், முக்கியமாக அம்மாவை.

குமரன்_போரூர்:

போட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்தோம். கோடு போட்டது மனைவியும் பெண்ணும், டேப் பிடித்தது நான். பக்கத்து மாடியிலிருந்து ஒருவர் என்ன விசேஷம் என்று கேட்டார்.

அம்மா முதலில் வரமாட்டேன் என்றார், அப்புறம் வாக்கரோடு வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, கிரைண்டர் எங்கே? நான் போட்டிருக்கவில்லை. இரண்டாவது, துணி எங்கே உலர்த்துவது? அதுவும் இல்லை. யுட்டிலிட்டியில் வாஷிங் மெஷின், சிலிண்டர், துடைப்பம், வாளி எல்லாவற்றையும் கோலமாவில் போட்டதும் 4 அடி அகலத்தில் ஆள் நிற்க இடம் இல்லை. கிரைண்டரைத் தினமும் தூக்கி வைக்க அம்மாவால் முடியாது, அதனால் சமையலறை மேடைக்கு அடியில் ஒரு கட்டத்தைக் கதவில்லாமல் விட்டு, சக்கரம் வைத்த பலகையில் இழுப்பதாக முடிவு.

பிறகு சின்ன பெட்ரூம் கட்டில் கோட்டிலிருந்து பொது பாத்ரூம் கோடு வரை நடந்து பார்த்தார். பழைய பிளான்படி 13 எட்டு, கதவு மாறிய பிறகு 7. இரண்டு தடவை நடந்து எண்ணினார். கிங் சைஸ் கட்டிலைப் போட்டுப் பார்த்தபோது மனைவியே குயின் போதும் என்றுவிட்டார், எனக்கு அதுதான் ஆச்சரியம்.

மீனா_மடிப்பாக்கம்:

அம்மாவை எனக்கு வேலைக்கு அனுப்புங்கள். பெண்ணுக்கு எங்கே படுக்கை? 10×11இல் இரண்டு தனிக் கட்டில் போட்டால் மேஜைக்கு இடம் போய்விடுமே.

குமரன்_போரூர்:

அம்மா கட்டிலுக்கு அடியில் இழுக்கிற கட்டில் அக்கா. காலையில் உள்ளே தள்ளுவது பெண்ணின் வேலை. முதல் மாதத்தோடு நின்றுவிடும் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது, பார்ப்போம்.

சிமெண்ட்_தூசி:

பில்டர் என்ன சொன்னார்?

குமரன்_போரூர்:

நேற்று போனேன். கதவுகள் நகர்த்துவது, பொது பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறப்பது, சமையலறைத் திறப்பு, மூன்றுக்கும் சரி. நகர்த்துகிற சுவர் 4 அங்குலம்தான், நீளமும் குறைவு, ஸ்லாப் தாங்கும் என்று அவர்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் டிராயிங்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கதவு அகலம் 2¾ மட்டும் முடியாது என்றார்கள், எல்லா வீட்டுக்கும் நிலை மொத்தமாக ஆர்டர் போயாச்சாம். கடைசியில் அந்த ஒரு பாத்ரூமுக்கு நிலையையும் கதவையும் நான் வாங்கிக் கொடுத்தால் பொருத்தித் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யுட்டிலிட்டி ஸ்லைடிங்கும் என் செலவு.

கணக்குப்பிள்ளை:

கட்டாத சுவருக்குக் காசு கழிக்கவில்லையா?

குமரன்_போரூர்:

கேட்டேன் சார். சிரித்தார்கள்.

பழைய_டிராஃப்டர்:

சுவிட்ச் போர்டுகளையும் திருத்திய பிளானில் குறித்துவிடுங்கள். கதவு இடம் மாறியதும் எலக்ட்ரிக்கல் டிராயிங் பழைய இடத்திலேயே நிற்கும், சுவிட்ச் கதவுக்குப் பின்னால் போய்விடும். பாசேஜ் விளக்குக்கு இரண்டு முனையிலும் சுவிட்ச் கேளுங்கள், ஒன்று அம்மா கட்டில் தலைமாட்டில்.

குமரன்_போரூர்:

நல்லவேளை சொன்னீர்கள் ஐயா, எலக்ட்ரிக்கல் டிராயிங்கை யாரும் காட்டவே இல்லை. நாளைக்கு மறுபடி போகிறேன். அப்படியே பிரிட்ஜ் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் பார்க்க வேண்டும், அது சமையலறைத் திறப்புக்குப் பக்கத்தில் வருகிறது.